மின்நூல் கருவி வாங்கும் முன்: உங்கள் புத்தகங்கள் எங்கே இருக்கின்றன?

ஒரு தாளை எடுத்து, அடுத்த ஆறு மாதத்தில் படிக்க நினைக்கும் பத்துப் புத்தகங்களின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது மின்நூலாக எங்கே கிடைக்கிறது என்று குறியுங்கள். அமேசானின் கிண்டில் கடையிலா, இலவச மின்நூல் தளத்திலா, ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆகவா, நூலகத்தின் இரவல் செயலியிலா? இதற்கு அரை மணி நேரம் போதும். எந்தக் கருவி வாங்குவது, கிண்டிலா, கோபோவா, பூக்ஸா என்ற கேள்விக்கு முக்கால்வாசி விடை அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.

பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் கருவியை ஒப்பிட்டு வாங்கிவிட்டு, பிறகு புத்தகம் தேடுகிறார்கள். அப்போதுதான் விரும்பிய நாவல் வேறொரு கடையில் மட்டும் இருப்பதும், சேர்த்து வைத்த பிடிஎஃப் எல்லாம் எறும்பு எழுத்தாகத் தெரிவதும் புரிகிறது. அதனால் இந்தக் கட்டுரையும் புத்தகத்திலிருந்து கருவிக்குப் போகும் வரிசையில்தான் செல்கிறது. அதற்கு முன், திரையைப் பற்றிக் கொஞ்சம்.

ஈ-இங்க் திரை

மின்நூல் கருவியில் இருப்பது கைப்பேசித் திரை போல ஒளியை உமிழும் திரை அல்ல. மயிரிழை அகலமே உள்ள நுண்குமிழ்கள் லட்சக்கணக்கில் பரப்பப்பட்ட ஒரு தகடு. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் எதிரெதிர் மின்னூட்டத்தோடு மிதக்கின்றன. அடியிலிருந்து கொடுக்கும் மின்னழுத்தத்தைப் பொறுத்து ஏதோ ஒரு நிறம் மேலே வருகிறது. ஒருமுறை மேலே வந்த துகள் மின்சாரம் இல்லாமலேயே அங்கே நிற்கும். பக்கம் புரட்டும் கணத்தில் மட்டும்தான் திரைக்கு மின்சாரம் தேவை. பேட்டரி வாரக்கணக்கில் வருவதற்கும், வெயிலில் அச்சுத்தாள் போலத் தெளிவாகத் தெரிவதற்கும் இதுதான் காரணம்.

புரட்டும்போது சில துகள்கள் முழுவதும் இடம் மாறாமல் நின்றால், முந்தைய பக்கத்தின் எழுத்து மெல்லிய நிழலாகத் தங்கும். அதைத் துடைக்கவே சில பக்கங்களுக்கு ஒருமுறை திரை சட்டென்று கறுத்து வெளுக்கிறது. புதிதாக வாங்கியவர்கள் இதைப் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்புவதுண்டு. இது பழுதல்ல.

இந்தத் திரையை உருவாக்கிய ஈ-இங்க் நிறுவனம் 1997-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஊடக ஆய்வகத்திலிருந்து கிளைத்தது. 2004-இல் ஜப்பானில் சோனி வெளியிட்ட கருவியில் இந்தத் திரை வந்தது. 2007 நவம்பரில் வந்த முதல் கிண்டிலிலும் இதுவே. இன்று போட்டியிடும் கிண்டில், கோபோ, பாக்கெட்புக், பூக்ஸ் எல்லாமே ஈ-இங்க் திரையைத்தான் பயன்படுத்துகின்றன. ஒரே அளவு, ஒரே தலைமுறைத் திரை என்றால் எழுத்தின் தெளிவில் பெரிய வேறுபாடு இருக்காது. வேறுபடுவது உள்ளே ஓடும் மென்பொருளும், அது திறந்துவிடும் கடையும்தான்.

நான்கு அலமாரிகள்

முதல் அலமாரி கிண்டில் கடை. 2016 டிசம்பரில் தமிழ், இந்தி, மலையாளம், மராத்தி, குஜராத்தி ஆகிய ஐந்து மொழிகளுக்கு அமேசான் அதைத் திறந்தது. தாமே நூல் வெளியிடும் எழுத்தாளர்கள் பலர் அங்கே குவிந்தார்கள். அவர்கள் தங்கள் நூலைக் கிண்டில் அன்லிமிட்டெட் என்ற மாதச் சந்தாத் திட்டத்தில் சேர்க்க வேண்டுமானால், அதன் மின்பதிப்பை 90 நாளுக்கு வேறெங்கும் வெளியிடக் கூடாது. காலம் முடிந்ததும் அந்த ஒப்பந்தம் தானாகவே புதுப்பிக்கப்படும். தமிழ்க் குடும்ப நாவல்களும் புதிய எழுத்தாளர்களின் நூல்களும் கிண்டிலில் மட்டும் கிடைப்பதற்கு இது முக்கியக் காரணம். உங்கள் தாளில் இப்படிப்பட்ட நூல்களே நிறைந்திருந்தால் கோபோ எவ்வளவு நல்ல கருவியாக இருந்தாலும் உங்களுக்குப் பயன்படாது.

அமேசானில் வாங்கும் நூலுக்கு அமேசானின் சொந்தக் கோப்பு வடிவமும், பெரும்பாலும் நகலெடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம் என்ற பூட்டும் உண்டு. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதி முன்பு இருந்தது. அதையும் 2025 பிப்ரவரி 26-இல் அமேசான் எடுத்துவிட்டது. 2009-இல் உரிமைச் சிக்கல் காரணமாக, ஏற்கெனவே விற்ற நூல்களை வாசகர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் அழித்தது. அதற்கு அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் பின்னர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். கிண்டில் நூலுக்குப் பணம் கொடுக்கும்போது படிக்கும் உரிமையைத்தான் பெறுகிறோம், அச்சுப் புத்தகம் போல அது நமக்குச் சொந்தமாவதில்லை. இது தெரிந்தபின் வாங்குவதில் தவறில்லை. தெரியாமல் வாங்கக் கூடாது.

இரண்டாவது அலமாரி, இன்றைய பொது எழுத்துக் குறியாக்கமான யூனிகோடில் அமைந்த, பூட்டில்லாத நூல்கள். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் தொட்டுப் பழைய நூல்கள் கிடைக்கின்றன. விக்கிப்பீடியாவின் துணைத் தளமான விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட ஆசிரியர்களின் நூல்கள் உள்ளன, அவற்றை ஈபப் என்ற பொது மின்நூல் கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம், யாரும் பகிரலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமையில் வந்த நூல்களை ஈபப், மோபி, ஏ4 பிடிஎஃப், 6 அங்குல பிடிஎஃப் என்று பல வடிவங்களில் தருகிறது. அந்த 6 அங்குல பிடிஎஃப் அருமையான ஏற்பாடு. தமிழ் எழுத்துரு இல்லாத பழைய கருவியிலும் எழுத்து உடையாது, பக்கமும் சிறு திரைக்கு ஏற்ற அளவிலேயே இருக்கும். இந்த அலமாரி நூல்களை எந்தக் கருவியிலும் படிக்கலாம்.

மூன்றாவது, ஸ்கேன் செய்த பிடிஎஃப். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் சேர்த்துவரும் நூலகம் தளம், இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகியவற்றில் இருப்பவை பெரும்பாலும் இந்த வகை. தமிழில் ஆழமாகப் படிப்பவர்களுக்கு இதுதான் மிகப் பெரிய அலமாரி. கருவி தேர்வில் மிகுந்த சிக்கலும் இதில்தான். அடுத்து விரிவாகப் பார்ப்போம்.

நான்காவது நூலக இரவல். ஓவர்டிரைவ் என்ற அமைப்பு வழியாக மின்நூல் இரவல் தரும் நூலகங்கள் கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் நிறைய. கோபோ கருவிக்குள்ளேயே இந்த இரவல் வசதி இருக்கிறது. கிண்டிலில் அது அமெரிக்க நூலகங்களுக்கு மட்டும்தான். டொரண்டோவிலோ லண்டனிலோ நூலக அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே கோபோ வாங்கப் போதுமானது. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

ஸ்கேன் பிடிஎஃப்புக்கு எவ்வளவு பெரிய திரை?

ஈபப் நூலில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கி அடுத்த வரிக்குப் போகும். ஸ்கேன் பிடிஎஃப்பில் அது நடக்காது. அதில் இருப்பது பக்கத்தின் புகைப்படம். படத்தைச் சுருக்கலாம், பெருக்கலாம், அவ்வளவுதான். ஆகவே அங்குலக் கணக்கு போட்டே தீர வேண்டும்.

தமிழ் நூல்கள் பெரும்பாலும் டெம்மி அளவில் அச்சாகின்றன. பக்கத்தின் அகலம் சுமார் 5.5 அங்குலம். 6 அங்குலக் கருவி என்பதில் 6 அங்குலம் மூலைக்கு மூலை அளவு. அதன் திரையின் அகலம் 3.6 அங்குலம்தான். பக்கத்தை முழுதாகக் காட்டினால் அது மூலத்தில் 65 விழுக்காடாகச் சுருங்கும். 11 பாயின்டில் அச்சான எழுத்து 7 பாயின்டாகிவிடும். ஐந்து நிமிடத்தில் கண் வலிக்கும்.

ஓரத்து வெள்ளையை வெட்டிவிட்டால் நிலைமை மாறுகிறது. டெம்மி பக்கத்தில் எழுத்து நிற்கும் பகுதியின் அகலம் ஏறத்தாழ 4.3 அங்குலம். அதை 3.6 அங்குலத்தில் பொருத்தினால் 84 விழுக்காடு, அதாவது 11 பாயின்ட் எழுத்து 9-க்குச் சற்று மேல் நிற்கும். படிக்கலாம். கருவியைப் பக்கவாட்டில் திருப்பினால் அகலம் 4.8 அங்குலமாகிறது. அப்போது எழுத்து அச்சில் இருப்பதைவிடப் பெரிதாகவே தெரியும். பதிலுக்கு ஒரு பக்கத்தை மூன்று துண்டாகப் படிக்க வேண்டும். கையில் ஏற்கெனவே 6 அங்குலக் கருவி இருப்பவர்கள் புதிது வாங்கும் முன் இதை முயன்று பாருங்கள்.

7 அங்குலத் திரையின் அகலம் 4.2 அங்குலம். ஓரம் வெட்டிய டெம்மி பக்கம் ஏறக்குறைய மூல அளவிலேயே அதில் உட்காரும். நாவலும் கொஞ்சம் பழைய நூல்களும் படிக்கிறவர்களுக்கு 7 அங்குலத்தைச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆய்வேடுகள், பாடநூல்கள், அரசாணைகள் போன்ற ஏ4 பக்கங்களுக்கு அதுவும் போதாது. ஏ4-இன் அகலம் 8.27 அங்குலம். 10.3 அங்குலத் திரையின் அகலம் 6.2 அங்குலம், முழுப் பக்கமும் 75 விழுக்காட்டில் தெரியும். 12 பாயின்ட் எழுத்து 9 பாயின்டாக நிற்கும், அது போதும். ஏ4 பக்கங்களே உங்கள் முதன்மைத் தேவையென்றால் சிறிய கருவியில் பணத்தைப் போடாதீர்கள்.

பிடிஎஃப்பை ஈபப் ஆக மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். தமிழில் இது மூன்று இடத்தில் சறுக்கும். ஸ்கேன் படத்தில் எழுத்தே இல்லை, படம் மட்டும்தான், எனவே மாற்றி எதையும் எடுக்க முடியாது. யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் கோத்த நூலை மாற்றினால், தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை வரும். யூனிகோடிலேயே செய்த பிடிஎஃப்பிலும் கொம்பும் காலும் இடம் மாறி வருவது வழக்கம். எழுத்துணரி மென்பொருள் கொண்டு ஸ்கேனிலிருந்து எழுத்தைப் பிரிக்க முடியும். ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்தால்தான் அது நூலாகும். விக்கிமூலத்தின் தன்னார்வலர்கள் பொறுமையாகச் செய்துவருவது அந்த வேலையைத்தான்.

தமிழ் உடைகிறதா?

ஆங்கிலத்தில் எழுதப்படும் ஒப்பீடுகளில் இந்தப் பகுதி இருக்காது. நமக்கோ இதுதான் உயிர்நாடி.

"கொ" என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் முதலில் ககரம், அடுத்து ஒகரக் குறி என்ற வரிசையில் அது சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு இடப்புறம் போக வேண்டும், கால் வலப்புறம் நிற்க வேண்டும். சேமிப்பது ஓர் ஒழுங்கு, காட்டுவது வேறோர் ஒழுங்கு. இந்த இடமாற்றத்தைச் செய்வது கருவிக்குள் இருக்கும் எழுத்துக்கோப்பு எஞ்சின். லத்தீன் எழுத்துகளை மட்டும் மனத்தில் வைத்துச் செய்த எஞ்சினில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் தொங்கும், அல்லது புள்ளிவட்டம் ஒன்றின் மேல் தனியாக நிற்கும்.

கோளாறு தெரிந்தால் அது மூன்றில் எது என்று பிரித்தறியுங்கள், ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை இலவசமாக இறக்கி, அதன் சாதாரண வடிவத்தையும் தடித்த வடிவத்தையும் கருவிக்குள் போடுங்கள். கிண்டிலை யூஎஸ்பியில் இணைத்தால் எழுத்துருக்களுக்கென்று fonts என்ற பெயரில் ஒரு கோப்புறை தெரியும், அதில் நகலெடுக்க வேண்டும். கோபோவில் அதே பெயரில் ஒரு கோப்புறையை நீங்களே உருவாக்க வேண்டும். பிறகு நூலைத் திறந்து எழுத்து மெனுவில் அந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். நகலெடுத்ததோடு விட்டுவிட்டு மெனுவில் தேர்ந்தெடுக்க மறப்பது அடிக்கடி நடக்கிற பிழை.

எழுத்து இருக்கிறது, ஆனால் கொம்பும் காலும் சிதறியிருக்கின்றன என்றால் கோளாறு எஞ்சினில். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. கோபோவில் சாதாரண ஈபப்புக்கு ஓர் எஞ்சினும், கேபப் என்ற அதன் சொந்த வடிவத்துக்கு இன்னோர் எஞ்சினும் உள்ளன. ஒன்றில் உடையும் நூலை மற்றதில் திறந்து பாருங்கள். மின்நூல்களை அடுக்கவும் வடிவம் மாற்றவும் கணினியில் பயன்படும் காலிபர் மென்பொருளின் 8-ஆம் பதிப்பு முதல் கேபப் ஆக மாற்றும் வசதி அதிலேயே இருக்கிறது. அதற்கும் சரியாகாவிட்டால் கோரீடர் என்ற கட்டற்ற வாசிப்புச் செயலி இருக்கிறது. தமிழை ஒழுங்காகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் எஞ்சின் அதற்குள் உள்ளது. கோபோவிலும் பாக்கெட்புக்கிலும் ஆண்ட்ராய்டு கருவிகளிலும் நிறுவலாம். கிண்டிலில் நிறுவக் கருவியின் மென்பொருள் தடையை உடைக்க வேண்டும், அதைப் புதியவர்கள் தொட வேண்டாம்.

ஆங்கில எழுத்துகள் கலந்து வந்தால் நூலே பழைய குறியாக்கத்தில் இருக்கிறது. திஸ்கி, தாப், பாமினி என்று ஏதோ ஒன்று. யூனிகோடுக்கு மாற்றும் இணையக் கருவியில் போட்டு மாற்றினால்தான் உண்டு. கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

சோதிக்க ஒரு சிறு கோப்பை நீங்களே செய்துகொள்ளுங்கள். கொக்கு, கோயில், கௌரி, சௌக்கியம், தை, ஸ்ரீ, லக்ஷ்மி, ஹூ, ஞூ, நொடி என்று சில சொற்களை எழுதி ஈபப் ஆக்கி வையுங்கள். இந்தச் சொற்கள் சரியாக வந்தால் மற்றவையும் வந்துவிடும். கடையில் காட்சிக்கு வைத்த கருவியாக இருந்தாலும், நண்பர் கையில் இருப்பதாக இருந்தாலும், இந்தக் கோப்பை ஏற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தமிழுக்கு இன்னொரு சிக்கல் சொல்லின் நீளம். "எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்ற ஒரு சொல்லே 6 அங்குலத் திரையின் வரியை ஏறக்குறைய முழுதாக விழுங்கும். இரண்டு ஓரமும் சமமாக நிற்கும்படி வைத்தால் அதற்கு முந்தைய வரியில் சொற்களுக்கிடையே வாய்க்கால் போல வெள்ளை விழும். கிண்டிலிலும் கோபோவிலும் இடப்பக்கம் மட்டும் சீராக்கும் அமைப்பு உண்டு. தமிழ் நூலுக்கு அதையே வையுங்கள். எழுத்தை மிகப் பெரிதாக வைக்க வேண்டிய மூத்தவர்களுக்கு 7 அங்குலமோ அதற்கு மேலோ வாங்கிக் கொடுங்கள். 6 அங்குலத்தில் வரிக்கு இரண்டு மூன்று சொல்தான் நிற்கும், பக்கம் புரட்டியே விரல் சலித்துவிடும்.

300-ஆ, 167-ஆ?

ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல் என்பதே இந்த எண். 10 பாயின்ட் எழுத்து 300-இல் 42 பிக்சல் உயரத்தில் வரையப்படும், 167-இல் 23 பிக்சலில். ஆங்கில எழுத்துக்கு 23 ஓரளவு போதும். தமிழில் இரண்டு சுழி னகரத்தையும் மூன்று சுழி ணகரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே உயரத்தில் கூடுதலாக ஒரு சுழி அடங்க வேண்டும். 23 பிக்சலில் சுழிகளுக்கு நடுவே உள்ள வெள்ளை சாம்பலாகிக் கரைந்துவிடுகிறது, மெய்யெழுத்தின் புள்ளியும் தலைக்கோட்டோடு ஒட்டிக்கொள்கிறது. "மனம்", "மணம்" இரண்டையும் முன்பின் சொல்லை வைத்து ஊகிக்க வேண்டிவரும்.

2022-க்கு முந்திய அடிப்படைக் கிண்டில்கள் 167. 2022 முதல் அதுவும் 300 ஆகிவிட்டது. பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறவர்கள் இந்த எண்ணை முதலில் கேளுங்கள்.

வண்ணத் திரையிலும் இந்த எண்ணைக் கவனியுங்கள். கலைடோ 3 வகைத் திரை கறுப்பு வெள்ளைக்கு 300, வண்ணத்துக்கு 150. மேலே வண்ண வடிகட்டி ஒன்று உட்கார்ந்திருப்பதால் தாளின் வெண்மை மங்கி, விளக்கை எப்போதும் கொஞ்சம் எரியவிட வேண்டும். குழந்தைகள் நூல், படக்கதை, அட்டைப்படங்களுக்கு அழகு. நாவலும் கட்டுரையும் மட்டும் படிப்பவர்களுக்குக் கறுப்பு வெள்ளைதான் நல்லது.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இரவில் படிப்பவர்களுக்கு மஞ்சள் ஒளிக்கு மாறும் விளக்கு தேவை. அடிப்படைக் கிண்டிலில் அது இல்லை, கிண்டில் பேப்பர்ஒயிட் மாதிரியில் உண்டு. கிண்டிலிலோ கோபோவிலோ ஐபிஎக்ஸ்8 என்ற நீர்த்தடுப்புக் குறியீடு போட்டிருந்தால் 2 மீட்டர் நன்னீரில் 60 நிமிடம் தாங்கும் என்பது பொருள், மழையில் பேருந்துக்கு நிற்பவர்களுக்கு உதவும். பக்கம் புரட்டும் பொத்தான் ஒற்றைக் கையால் படிப்பவர்களுக்குப் பெரிய வசதி. கோபோ லிப்ராவில் இருக்கிறது, பேப்பர்ஒயிட்டில் இல்லை. 16 ஜிபி கொள்ளளவு எழுத்து நூல்களுக்கு எத்தனை ஆண்டானாலும் நிறையாது. ஸ்கேன் பிடிஎஃப் ஒன்று 50 எம்பி என்று வைத்தால் சுமார் 250 நூலில் நிறைந்துவிடும்.

இப்போது கருவிகள்

தாளில் பாதிக்கு மேல் கிண்டில் கடை நூல்கள் என்றால் கிண்டில். நாவல் மட்டும்தான் என்றால் 6 அங்குல அடிப்படை மாதிரியே போதும். இரவு வாசிப்பும் பழைய நூல் பிடிஎஃப்பும் உண்டென்றால் 2024-இல் வந்த 7 அங்குல பேப்பர்ஒயிட்.

பூட்டில்லாத ஈபப்பும் நூலக இரவலும் மிகுதி என்றால் கோபோ. ஈபப் கோப்பை நேராக நகலெடுத்துப் போட்டாலே திறக்கும். 2024-இல் வந்த கிளாரா, லிப்ரா வண்ண மாதிரிகளைப் பழுது பார்க்க உதிரிபாகமும் வழிகாட்டியும் ஐஃபிக்ஸிட் என்ற பழுதுபார்ப்புத் தளம் வழியாகக் கிடைக்கின்றன. பேட்டரி தளர்ந்ததும் கருவியைத் தூக்கியெறிய வேண்டாம் என்பது பெரிய ஆறுதல். கோரீடரைத் தடையின்றி நிறுவ முடிவதால் ஸ்கேன் பிடிஎஃப்பின் ஓரத்தைத் தானாக வெட்டிப் படிக்கலாம். இந்தியாவில் வாங்குவதாக இருந்தால், விற்பவர் தருவது நிறுவனத்தின் வாரண்டியா, கடையின் வாரண்டியா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பாக்கெட்புக்கும் ஏறத்தாழ இதே வகை, பலவகைக் கோப்புகளை மாற்றாமலே திறக்கும்.

தாளில் எல்லா அலமாரியும் கலந்து கிடந்தால் பூக்ஸ் போன்ற ஆண்ட்ராய்டு கருவியை நினைத்துப் பார்க்கலாம். கிண்டில் செயலி, கூகுள் பிளே புக்ஸ், கோரீடர் மூன்றையும் ஒரே கருவியில் வைத்துக்கொள்ளலாம். கிண்டில் கடை நூலைப் படிக்கக் கிண்டில் கருவியேதான் வேண்டும் என்பதில்லை. இதற்கு விலையாக, பேட்டரி வாரக்கணக்கில் வராது, பின்னணியில் ஓடும் செயலிகளை அணைத்து வைக்க வேண்டும், வேகத்துக்கும் தெளிவுக்கும் இடையே திரை முறையை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். செயலிக்குள் பக்கம் புரளும் அசைவூட்டத்தை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திரை சிமிட்டிக்கொண்டே இருக்கும். பெரிய திரை மாதிரிகள் சிலவற்றில் விளக்கே கிடையாது. பூக்ஸ் கோ 10.3 அப்படிப்பட்டது. இரவில் படிப்பவர்கள் இதைப் பார்த்து வாங்க வேண்டும்.

நூலை ஏற்றும்போது

கிண்டிலுக்கு ஈபப் அனுப்ப, அமேசானின் சென்ட் டு கிண்டில் பக்கத்தில் உங்கள் கணக்கோடு நுழைந்து கோப்பை இழுத்துப் போட்டால் போதும். 200 எம்பி வரை ஏற்கும். மின்னஞ்சல் வழி என்றால் 50 எம்பி வரைதான். பெரிய ஸ்கேன் நூல் போய்ச் சேரவில்லை என்றால் முதலில் அளவைப் பாருங்கள். யூஎஸ்பி வழியாக ஈபப்பை நேராக நகலெடுத்தால் கிண்டில் அதைக் காட்டாது. கோப்பு உள்ளே இருக்கும், நூல் பட்டியலில் வராது. காலிபரில் ஏஇசட்டபிள்யூ3 என்ற கிண்டில் வடிவத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். மாற்றும் முன் நூலின் விவரப் பக்கத்தில் மொழி என்ற இடத்தில் தமிழ் என்று குறியுங்கள். அங்கே ஆங்கிலம் என்றோ வெறுமையாகவோ இருந்தால் பொருந்தாத எழுத்துரு வர வாய்ப்புண்டு.

காலிபரைப் பற்றி ஒரு சொல். 2006-இல் சோனி கருவியைத் தம் லினக்ஸ் கணினியோடு பேச வைப்பதற்காக கோவிட் கோயல் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. இன்றும் இலவசம். எந்தக் கருவி வாங்கினாலும் இதைக் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள். அடுத்த கருவிக்கு மாறும்போது உங்கள் நூல்களெல்லாம் ஒழுங்காக ஓரிடத்தில் இருக்கும்.

கணினியில் இணைத்தும் கருவி தெரியவில்லை என்றால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறைய, அவற்றில் கோப்பு போகாது. 2024 முதல் வந்த கிண்டில்கள் எம்டிபி என்ற முறையில் இணைவதால் மேக் கணினியில் நேராகத் திறக்காது, காலிபர் போன்ற மென்பொருள் வழியாகத்தான் அணுக வேண்டும்.

புதுக் கருவியில் முதல் நாளே நூற்றுக்கணக்கான நூல்களைக் கொட்டினால் பேட்டரி ஒரே நாளில் பாதியாகும். தேடலுக்காக ஒவ்வொரு நூலின் சொற்களையும் கருவி அட்டவணைப்படுத்துவதால் இப்படி ஆகிறது. சார்ஜில் போட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். ஒரு வாரமாகியும் வடிகிறது என்றால் ஏதோ ஒரு பழுதான கோப்பில் அட்டவணை சிக்கியிருக்கலாம். கடைசியாக ஏற்றிய நூல்களை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

மின்நூல் கருவிகள் பெரும்பாலும் வீணாவது திரை உடைந்துதான். பிளாஸ்டிக் முகப்புக்குக் கீழே மெல்லிய கண்ணாடித் தகடு இருக்கிறது. வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே விரிசல் விடும். பாதித் திரை உறைந்து நின்றாலோ, குறுக்கும் நெடுக்கும் கோடு விழுந்தாலோ அதுதான். பையில் சாப்பாட்டு டப்பாவோடு நெருக்கி வைப்பதும், படுக்கையில் விட்டுத் தூங்குவதும் இதற்கு முக்கியக் காரணங்கள். திரையை மூடும் கெட்டி உறையைக் கருவியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

பெட்டி வந்த அன்றே, திருப்பி அனுப்பும் கெடு முடியும் முன், இருட்டறையில் விளக்கைப் பாதி வெளிச்சத்தில் வைத்து வெற்றுப் பக்கம் ஒன்றைப் பாருங்கள். அடிப்பக்கம் மட்டும் பளிச்சென்றோ ஒரு மூலை மஞ்சளாகவோ தெரிந்தால் மாற்றித் தரக் கேளுங்கள். பிறகு உங்கள் சோதனைக் கோப்பையும், தாளில் எழுதிய பத்தில் முதல் மூன்று நூல்களையும் ஏற்றித் திறந்து, ஒவ்வொன்றிலும் இருபது பக்கமாவது படியுங்கள்.